பின்வாசல் ஊசி

உண்ணாமலைக்குக் கை சுத்தம் அதிகம் என்று ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். நாமக்கல் தாலுகாவில் ஒரு சந்தையூர். அங்கே ஜில்லா போர்டு பணத்தில் நடந்த, ஓடு வேய்ந்த ஒரு லோக்கல் பண்டு ஆஸ்பத்திரி. கிணறு வெட்டும்போது மண் சரிந்து புருஷன் செத்துப்போனபின் அவள் அங்கே ஆயாவாகச் சேர்ந்தாள். கட்டுத்துணி துவைப்பாள், தரை துடைப்பாள். ஊசி போட்டு முடித்ததும் குழலையும் ஊசியையும் கழுவிப் பித்தளைச் சட்டியில் கொதிக்க வைப்பாள். அண்ணன் கந்தவேலின் வீட்டில்தான் குடியிருந்தாள். கந்தவேல், சென்னியப்பக் கவுண்டரின் தோட்டத்தை, விளைச்சலில் பங்கு கொடுத்து, வாரத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் மழைக்காலம் தொடங்கிய சமயம். ஒருநாள் சாயங்காலம், நோயாளிகள் எல்லோரும் போனபிறகு, அந்தச் சென்னியப்பக் கவுண்டரே பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். தலையில் போட்டிருந்த துண்டு பாதி முகத்தை மறைத்தது. டாக்டர் அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். உண்ணாமலை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். மஞ்சள் மருந்தைக் கரைத்து நரம்பில் ஏற்றும் ஊசி எந்த நோய்க்கு என்று அவளுக்குத் தெரியும். கெட்ட சகவாசத்தில் ஒட்டும் மேகநோய் அது. அந்த நோய்க்காரர்களைக் கண்டாலே அவளுக்கு அருவருப்பு. லாரிக்காரர்களும் சந்தைக்கு வரும் வியாபாரிகளும் அந்த ஊசிக்கு வந்தால், பெஞ்சில் உட்காரக்கூட விடாமல் வேப்பமரத்தடியில் நிற்க வைப்பாள். தன் அண்ணனுக்கு நிலம் கொடுத்தவரை எந்த மரத்தடியில் நிற்க வைப்பது?

அதற்குப் பிறகும் அவர் வாராவாரம் வந்தார். ஒருநாள் அவர் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வரும்போது, உண்ணாமலை எனாமல் தட்டை எடுக்க உள்ளே போனாள். இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். வெட்கத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தட்டில் கிடந்தவற்றைப் பாராமலே அள்ளினாள். சுருக்கென்றது. ஆள்காட்டி விரலில் ஊசி ஆழமாக இறங்கியிருந்தது. பிடுங்கிப் போட்டுவிட்டு, முந்தானையால் விரலை அழுத்திக்கொண்டாள். டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால், ஏன் பார்த்து எடுக்கவில்லை என்று கேட்பார். என்னவென்று பதில் சொல்வது?

மாதம் ஒன்று ஆவதற்குள் குத்திய இடத்தில் ஒரு புண் எழும்பியது. வலியே இல்லை. ஓரமெல்லாம் கல்போலக் கெட்டியாக இருந்தது. மஞ்சளை அரைத்துப் பூசினாள், வேப்பெண்ணெய் போட்டாள். கேட்டவர்களிடம் அரிவாள்மணை பட்டது என்றாள். புண் தானாக ஆறியபோது சாமியைக் கும்பிட்டுக்கொண்டாள். பிறகுதான் உள்ளங்கையிலும் மார்பிலும் செம்புநிறத்தில் தடிப்புகள் வந்தன. தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. மரத்தடியில் நின்ற ஆட்களின் கைகளில் அவள் பார்த்திருந்த அதே தடிப்புகள்.

அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேலை செய்தாள். ஒருநாள் டாக்டர் மருந்துப்புட்டியைக் கேட்டுக் கை நீட்டியபோது, புட்டியைக் கொடுத்த உள்ளங்கை அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"உண்ணாமலை, கையைக் காட்டு."

அவள் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். சந்தையில் திருடிப் பிடிபட்டவள்போலக் கண்ணீர் வந்தது. "நான் ஒரு தப்பும் பண்ணலீங்க சாமி. ஊசி குத்திருச்சுங்க" என்றாள்.

டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் சொன்னதை நம்பினார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால், "யாரிடமும் சொல்லாதே. சாயங்காலம் பின்பக்கமாக வா. ஊசி போடுகிறேன்" என்று மட்டும் சொன்னார். அன்று முதல் அவளும் பின்வாசல் ஆளானாள்.

ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் சுமக்கிற காத்தானுக்குக் கண் கூர்மை. சாயங்காலமானால் கவுண்டர் பின்வாசலில் நுழைகிறார், ஆயாவும் அந்தப் பக்கமே போகிறாள், அவளுக்கு முடி கொட்டுகிறது, கையில் தடிப்பு. டீக்கடையில் அவன் பார்த்ததை மட்டும்தான் சொன்னான். மீதியை ஊர் சொல்லிக்கொண்டது.

பேச்சு கந்தவேலின் காதுக்கு வந்த அன்று அவன் சோற்றில் கை வைக்கவில்லை.

"அம்மிணி, ஒரே ஒரு வார்த்தை சொல்லு. உனக்கு வந்திருக்கறது அந்தச் சீக்குத்தானா?"

"ஆமாங்கண்ணா. ஆனா ஊசி குத்தி வந்ததுங்க."

"ஆருக்குப் போட்ட ஊசி?"

கவுண்டருக்குப் போட்ட ஊசி என்று சொன்னால், ஊர் பேசுவதற்குத் தானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். அவள் பேசாமல் நின்றதையே கந்தவேல் பதிலாக எடுத்துக்கொண்டான்.

"அவரு பேர் வெளிய வந்துச்சுன்னா தோட்டத்துல நானும் என்ற புள்ளைகளும் கால் வெக்க முடியாது. இந்த ஊட்டுல இனி நீ இருக்க வேண்டாம்" என்றான். உண்ணாமலை குடித்த சொம்பை அவன் பெண்டாட்டி வாசலில் வைத்தாள். அதைத் துணிமூட்டையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் விறகுக்கொட்டகைக்கு உண்ணாமலை குடிவந்தாள்.

அந்த வாரத்திலேயே, சந்தைநாளன்று காலை, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சவாரி வண்டி வந்து நின்றது. பெஞ்சுகள் நிறைந்து ஆட்கள் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியிலிருந்து சென்னியப்பக் கவுண்டரின் மனைவி சௌந்திரம் இறங்கினாள். நிறைமாதம் இல்லை, ஆனாலும் வயிறு தெரிந்தது. கூட்டத்தைத் தாண்டி நேராக உண்ணாமலையிடம் வந்தாள்.

"என்ற ஊட்டுக்காரருக்கும் உனக்கும் என்ன?"

உள்ளே பேசிக்கொண்டிருந்த டாக்டரின் குரல் நின்றது. அவர் வெளியே வருவார் என்று உண்ணாமலை காத்திருந்தாள். வரவில்லை. மரத்தடியில் அவள் நிற்க வைத்த ஆட்களில் ஒருவனும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உண்ணாமலை விரலை நீட்டினாள். "இதுதானுங்க அம்மிணி. வேற ஒண்ணுமில்லீங்க. அவருக்குப் போட்ட ஊசியைக் கழுவ எடுக்கறப்ப எனக்குக் குத்திருச்சுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. என்ன ஊசி, என்ன நோய் என்று சௌந்திரம் கேட்கவில்லை. பெஞ்சில் இருந்த ஒரு கிழவர் மட்டும் "அட" என்றார். சௌந்திரம் வயிற்றின்மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, வந்த வழியே போய் வண்டி ஏறினாள். வண்டிச் சத்தம் ஓய்ந்தபின் கூட்டம் சலசலத்தது. தன்மேல் இருந்த சேற்றைக் கழுவிக்கொள்ள, வயிற்றுப்பிள்ளைக்காரி தலையில் அதைக் கொட்டிவிட்டோமே என்று உண்ணாமலை சுருண்டுபோய்க் கொட்டகையில் உட்கார்ந்தாள். அன்று அவளால் ஒரு துணிகூடத் துவைக்க முடியவில்லை.

கவுண்டர் கந்தவேலிடமிருந்து தோட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார். கந்தவேல் பெண்டாட்டி பிள்ளைகளோடு பள்ளிபாளையத்துக்குப் போய்த் தறியில் உட்கார்ந்தான். போகும்போது தங்கையிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

சில நாள் கழித்துச் சௌந்திரம் மறுபடியும் வந்தாள். வண்டியில்லாமல் நடந்தே, முன்வாசல் வழியாகத்தான் வந்தாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த உண்ணாமலையின் பக்கத்தில் போய் நின்றாள்.

"எனக்கு இதுக்கு முன்னால ரெண்டு பொறந்துது. ரெண்டும் கண்ணு முழிக்கவே இல்ல. அதுக்கும் இதுதான் காரணமா?"

"டாக்டரய்யாகிட்டக் கேளுங்க அம்மிணி."

"அவரு சொல்றதா இருந்தா அப்பவே சொல்லியிருப்பாரு. நான் உன்னத்தான் கேக்கறேன்."

உண்ணாமலை ஈரத்துணியைப் பிடித்தபடி, "அப்படித்தானுங்க" என்றாள். துணியைக் கொடியில் விரித்துவிட்டு, "ஊசி போட்டுக்கிட்டா இந்தப் புள்ள பொழைக்கும்னு சொல்றாங்க. அன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லிப்போட்டேன். என்னை மன்னிச்சுருங்க" என்றாள்.

"நானுந்தான் எல்லார் முன்னாலயும் கேட்டுப்போட்டேன்" என்றாள் சௌந்திரம். உள்ளே போய்ப் பெஞ்சில், ஒரு சந்தை வியாபாரியின் பக்கத்தில், தன் முறைக்காகக் காத்திருந்தாள்.

அவளுக்கு ஊசி போட்ட அன்று டாக்டர் ஊசியைத் தாமே இடுக்கியால் எடுத்துச் சட்டியில் போட்டார். உண்ணாமலையின் முகத்தை அவர் பார்க்கவில்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்வரை அப்படித்தான். சௌந்திரத்துக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பிழைத்தது. பிரசவ அறையில், தொட்டுப் பார் என்று சௌந்திரம் சொன்னபோது, உண்ணாமலை கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு எட்டி நின்றே பார்த்தாள்.

உண்ணாமலை முழுதாகக் குணமாக நெடுநாள் ஆயிற்று. ஊரில் பாதிப்பேர் அவளை நம்பினார்கள். மீதிப்பேர், விரலில் குத்தினால் அந்தச் சீக்கு வருமா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

உலகச் சண்டை தொடங்கித் துணிக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் அவள் ஒருமுறை பள்ளிபாளையம் போனாள். கந்தவேல் தறிக்குழியில் இருந்தான். தலை நரைத்திருந்தது.

"நல்லாயிருச்சுங்கண்ணா. ரத்தத்தப் பட்டணத்துக்கு அனுப்பிப் பாத்துட்டாங்க" என்றாள்.

"செரி" என்றான். நூல் ஓட்டும் நாடாக்கட்டை தறியில் இரண்டு முறை போய்வந்தது.

"என்னாலதான் தோட்டம் போச்சுங்க."

"இரு, நூலு அறுந்துபோச்சு" என்று குனிந்து வெகுநேரம் முடிபோட்டான். அவன் பெண்டாட்டி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவனே எழுந்து இலை போட்டுச் சோறு வைத்தான்.

பஸ் ஏற்றிவிட வந்தபோது, எதிரே வந்த தறிக்காரர் ஒருவர் நின்று, "ஆருங்க இது?" என்று விசாரித்தார்.

கந்தவேல் ஒரு நொடி தயங்கினான். "ஒறம்பரைங்க" என்றான். சொந்தக்காரி, அவ்வளவுதான்; தங்கை என்று சொல்லவில்லை.

உண்ணாமலையும் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினாள். அவர் போனபின் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பஸ் வந்ததும் அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கந்தவேல் பெட்டிக்கடைக்கு ஓடி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவந்து ஜன்னல் வழியாக நீட்டினான். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பிவிட்டது.