முதற்படி வகுப்பில் டென்சில் ராட்லிஃப்

டென்சில் ராட்லிஃப் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு மான் தலையும் நான்கு சான்றிதழ்களும் தொங்கின. மான் அவர் சுட்டது, சான்றிதழ்கள் அவரைச் சுட்டவை என்று அவருடைய மனைவி ஓப்பல் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

மேற்கு வெர்ஜீனியா மலைகளுக்கு நடுவே கிரேன்ஸ் ஃபோர்க் என்ற ஊர். அங்கே ஒரு சமுதாயக் கல்லூரி. டென்சில் வாலிபத்தில் சுரங்க மின்வேலைக்கு அங்கே ஒரு சான்றிதழ் வாங்கினார். அதை வைத்து நிலக்கரிச் சுரங்கத்தில் பாதி ஆயுளைக் கழித்தார். சுரங்கம் மூடியதும் மறுபயிற்சி என்றது அரசாங்கம். கல்லூரி உடனே சோலார் பேனல் பொருத்தும் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. அந்தப் பள்ளத்தாக்கில் சூரியன் பத்து மணிக்கு மேல்தான் மலையேறி வரும், மூன்று மணிக்கெல்லாம் அடுத்த மலைக்குப் பின்னால் போய்விடும். பேனல் யார் வாங்குவார்கள்? அடுத்தது ஆஸ்பத்திரியில் பில் போடும் படிப்பு. டென்சில் தேறிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் பூட்டுப் போட்டார்கள். நான்காவது லாரி ஓட்டும் படிப்பு. அதில் வேலை கிடைத்தது, ஓட்டினார், இரண்டாம் குளிர்காலத்தில் இடுப்பு ஒத்துழைக்க மறுத்துவிட்டது.

ஒவ்வொரு முறையும் கல்லூரி அவரைப் படம் பிடித்து, 'புதிய தொடக்கம்' என்று போஸ்டர் ஒட்டியது. மாநிலத்துக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரே மனிதர் நான்கு வெற்றிகளாகப் போனார். டென்சில் இதற்கு முகம் சுளித்ததில்லை. உண்மையைச் சொன்னால், படம் எடுக்கிற நாளுக்கு முதல் நாளே முடிவெட்டிக்கொண்டு தயாராக இருப்பார். முதல் சான்றிதழுக்கு தேவாலயத்தில் கைதட்டினார்கள். நான்காவதற்கு போதகர் அவர் தோளில் கைபோட்டு, "இந்தத் தடவ எந்தத் தொழில மூடப் போற, டென்சில்?" என்று கேட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் மாவட்டத் தொழிற்பள்ளியில் மின்வேலை வாத்தியார் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு இரண்டு வருஷப் பட்டம் இருந்தால் போதும் என்று விளம்பரம் வந்தது. டென்சிலுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. நான்கு சான்றிதழையும் சுவரிலிருந்து கழற்றி, துடைத்து, ஒரு மளிகைப் பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனார்.

மாணவர் ஆலோசகர் கேண்டஸ் எப்போதும் சிரித்த முகம். கெட்ட செய்தியைச் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பாள்.

"பட்டத்துக்கு அறுபது கிரெடிட் வேணும் டென்சில். உங்ககிட்ட எழுபதுக்கு மேல இருக்கு."

"அப்போ மிச்சத்தை நீங்களே வச்சுக்கங்க. பட்டத்தக் குடுங்க."

"இருக்கறது தப்பான பக்கத்துல இருக்கே. ரெண்டு அண்டா பீன்ஸ் வேகவச்சுட்டு சோளரொட்டி சுடாம விட்ட மாதிரி. இங்கிலீஷ் இல்ல, கணக்கு இல்ல, மேடைப் பேச்சு இல்ல."

"சான்றிதழ ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக்கலாம்னு சொல்லித்தானே அம்மணி என்னைச் சேத்தீங்க?"

"தாராளமா அடுக்கலாம். அடுக்கினா பட்டம் ஆகும்னு நாங்க எங்கயும் சொல்லலையே."

டென்சில் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முதியோர் விடுதியில் சமையல் வேலை முடிந்து வந்திருந்த ஓப்பல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "எங்க விடுதியில ஒரு கட்டில் காலியா இருக்கு. நீ பட்டம் வாங்கறதுக்குள்ள உன் பேருக்கு எழுதி வைக்கச் சொல்லட்டுமா?" என்றாள்.

அந்தக் கேலிதான் அவரைப் படிக்க வைத்தது. இங்கிலீஷ் வகுப்பில் காற்புள்ளியோடு மல்லுக்கட்டினார். கணக்கில் மயிரிழையில் பிழைத்தார். மேடைப் பேச்சில், மானைத் தோலுரித்துத் துண்டு போடுவது எப்படி என்று செய்கையோடு விளக்கினார். காய்கறி மட்டும் சாப்பிடும் அந்த ஆசிரியை பாதியிலேயே நல்ல மதிப்பெண் போட்டு உட்கார வைத்தார். தொழிற்பள்ளிக்கு ஆள் கிடைக்காததால் அந்த இடம் இன்னும் காலியாகவே கிடந்தது. எல்லாம் முடிந்தது என்று போனால், கேண்டஸ் கூடுதலாகச் சிரித்தாள்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி. 'கல்லூரியில் முதற்படி'. புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நூலகம் எங்க இருக்கு, நேரத்த எப்படிப் பங்கு போடறதுன்னு சொல்லித் தர்ற வகுப்பு."

"நான் இங்க புதுசா?"

"சான்றிதழ் படிக்கறவங்களுக்கு இது கிடையாது. பட்டம் படிக்கறவங்களுக்கு உண்டு. அதனால கம்ப்யூட்டருக்கு நீங்க புதுசு."

"விலக்கு கேக்க முடியாதா?"

"கேக்கலாமே. எப்படிக் கேக்கணும்னு அந்த வகுப்புலதான் சொல்லித் தருவாங்க."

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பாடத்திட்டத்தில் அப்படித்தான் இருந்தது.

வகுப்பெடுத்தவன் கோல்பி. டென்சிலின் தொப்பியை விட வயதில் சிறியவன், நல்ல பையன். முதல் வேலையாக எல்லோரையும் கல்லூரியைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனான். கழிப்பறை, கேன்டீன், நூலகம் என்று வந்து நடைவழியில் திரும்பும்போது, டானா என்ற பெண் ஒரு போஸ்டர் முன்னால் நின்றுவிட்டாள்.

"இது நீங்கதானே?"

டென்சில் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஆமா. பில் போடற டென்சில். அப்ப மீசை வச்சிருந்தேன். சோலார் டென்சில் மாடியில இருக்கான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். ஆனால் தன்னுடைய அந்தப் பழைய முகத்தில் தெரிந்த நம்பிக்கை, ஏமாந்த சோணகிரியுடைய நம்பிக்கை போல இருந்தது அவருக்கு. வீடு திரும்பும்வரை வண்டியில் ரேடியோவைப் போடவில்லை.

இரண்டு வாரம் கழித்து, யாருக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று கம்ப்யூட்டரில் சோதித்தார்கள். தனியாக வேலை செய்யப் பிடிக்குமா, இருட்டு பயமா, கருவிகளைக் கையாளத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே போனது. டென்சில் பொறுமையாகப் பதில் சொன்னார். டானாவுக்கு மிருக வைத்தியம் வந்தது. டென்சிலின் தாளை கோல்பி வாங்கிப் பார்த்தான். அவன் காது சிவந்துபோயிற்று.

"என்னப்பா போட்டிருக்கு?"

"நிலக்கரிச் சுரங்க மின்பணியாளர்."

"அந்தத் துறையில... இப்ப வாய்ப்பு கொஞ்சம் கம்மி," என்றான் கோல்பி.

டென்சிலுக்குத் தொப்பையிலிருந்து சிரிப்பு கிளம்பியது. இடுப்பு வலிக்க, கண்ணில் தண்ணீர் வர, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எனக்கு இதச் சொல்ல கவர்மெண்டுக்கு இத்தன வருஷம் ஆச்சே," என்றார். கோல்பி அவருக்கு முழு மதிப்பெண் போட்டான்.

பட்டமளிப்பு விழாவில் கல்லூரித் தலைவர் டாக்டர் விட்லோ அவரை மேடையிலேயே நிறுத்தி நாலு வார்த்தை பேசச் சொன்னார். டென்சில் மைக்கைப் பிடித்தார்.

"சுரங்கம் என்னை வெளிய அனுப்பிச்சுது. ஆஸ்பத்திரி உள்ளயே விடல. லாரிக் கம்பெனி வீட்டுக்குப் போன்னுது. இந்தக் கல்லூரி மட்டும்தான் என்னை விடவே மாட்டேங்குது."

கூட்டம் ஆரவாரித்தது. எல்லோரையும் விட பலமாகக் கைதட்டியவர் டாக்டர் விட்லோதான். அடுத்த மாதமே புதுப் போஸ்டர் வந்தது. அதில் டென்சில் அங்கியோடு நின்றார். கீழே, 'இந்தக் கல்லூரி மட்டும்தான்' என்று பாதி வாக்கியத்தோடு வெட்டி எடுத்துப் போட்டிருந்தார்கள்.

தொழிற்பள்ளி வேலை கிடைத்தேவிட்டது. விண்ணப்பித்தவர் அவர் ஒருவர்தான். முதல் நாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனவர், மாலையில் தலை நிமிர்ந்து திரும்பினார். ஓப்பல் பீன்ஸைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"பிள்ளைங்க எப்படி?"

"பரவால்ல. ஒரு பொண்ணு, மாமா கொட்டகைக்கு முழுசா ஒயரிங் பண்ணிருக்கேன், முதல் பாடத்த விட்டுட்டு ரெண்டாவதுக்குப் போறேன்னா. முடியாதுன்னுட்டேன்."

"முதல் பாடம் என்ன?"

"கருவிங்க படம் இருக்கும். கீழ பேர் எழுதணும். சுத்தி, திருப்புளி, குறடு."

"ஒயரிங் பண்ணவளுக்குத் திருப்புளி தெரியாதா?"

"தெரியும். ஆனா கிரெடிட் வேணும்ல?"

ஓப்பல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். டென்சில் சோளரொட்டியைப் பிய்த்து மோரில் போட்டார்.

"விதின்னு ஒண்ணு இருக்கு, ஓப்பல்."

"இருக்கு, இருக்கு. அந்தப் பொண்ணு தலையில நல்லாவே எழுதியிருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போனாள்.