கட்டைவிரல் அளவு

மூரண்டியில் ஆஸ்பத்திரி கிடையாது. ஒரு நர்ஸ், இரண்டு கட்டில், ஊருக்கு வெளியே விமானம் இறங்க ஒரு மண்தளம், அவ்வளவுதான். டாக்டர் வானத்திலிருந்து வர வேண்டுமானால் முதலில் கிளெம் போய்த் தளத்தைப் பார்க்க வேண்டும். கவுன்சிலில் ரோடு சமன்படுத்தும் வண்டி ஓட்டுகிற மனிதர். மண்தளத்தில் மேயும் கங்காருக்களை விரட்டுவதும் அவர்தான். மழை பெய்தால் தளத்தில் வண்டியை ஓட்டிப் பார்த்து, சக்கரத் தடத்தில் கட்டைவிரலை விடுவார். நகம் வரை புதைந்தால் பரவாயில்லை. கணு வரை புதைந்தால் வராதே என்பார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு பைலட்டும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, நான்கு நாள் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. டார்லிங் ஆறு ரோட்டை இரண்டு பக்கமும் மூடியிருந்தது. கிளெம்மின் மனைவி நோலீனுக்குத் திடீரென்று வாய் கோணியது.

"பக்கவாதம்," என்றாள் நர்ஸ் தெரேசா. "பிளேன் கிளம்பிடுச்சு. ஓடிப் போய்த் தரையப் பாரு கிளெம். நேரம் போனா கை கால் போயிடும்."

கட்டைவிரல் கணு தாண்டிப் புதைந்தது. இன்னோர் இடத்திலும் அப்படியே. மேட்டுப்பக்கம் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நகம் அளவு. பாழாய்ப்போன மனசு அந்த ஓர் இடத்தையே பிடித்துக்கொண்டது.

ரேடியோவில் பைலட் கூப்பிட்டான். "தரை எப்படிப்பா? நீ சொன்னா இறங்குறேன்."

"வேணாம். புதையும். ஹெலிகாப்டர் அனுப்பச் சொல்லு."

"யாருக்குப்பா முடியல?"

"என் பொண்டாட்டிக்கு."

விமானம் ஒரு வட்டமடித்துத் திரும்பிப் போனது. கிளெம் வண்டிக்குள் உட்கார்ந்து, வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் தன்னையே திட்டிக்கொண்டு அழுதார்.

ஹெலிகாப்டர் வர நான்கு மணி நேரமானது. நோலீன் பிழைத்தாள், இடது கை மட்டும் விளங்காமல் போய்விட்டது. ஊரே கிளெம்மைப் பெரிய மனுஷன் என்றது. அந்தப் பேச்சைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தவள் மூன்று நாள் அவரிடம் பேசவில்லை.

நாலாம் நாள் காலையில் கேட்டாள். "அந்தப் பிளேன்ல எத்தன பேரு?"

"மூணு பேரு."

"இறங்கியிருந்தா செத்திருப்பாங்களா?"

"தெரியல நோலீன். ஒருவேள நல்லாவே இறங்கியிருக்கலாம்."



"அடப் பாவி மனுஷா! இதுக்காவது ஒரு பொய் சொல்லக் கூடாதா?" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "வா, சட்டைக்குப் பொத்தானப் போட்டு விடு."