பழனி மலையைக் கால்மாட்டில் தைத்த அக்கா

எங்கள் அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும்படி அத்தானும் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டதால், கூடப்பிறந்த தங்கை என்ற உரிமையில் எழுதுகிறேன். அழுது புலம்பினால் அக்காவுக்குப் பிடிக்காது. அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

அக்கா பிறந்தது வடகவுஞ்சியில். அப்பாவுக்கு மலைவாழைத் தோட்டம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றதும் கொடைக்கானலில் ஒரு தையற்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பள்ளிப் பிள்ளைகளின் சீருடை, டீச்சர்களின் கவுன், விடுதிகளின் திரைச்சீலை என்று தைத்து மிஞ்சிய துண்டுத் துணிகளைக் கடைக்காரர் அக்காவுக்கே கொடுத்துவிடுவார். குளிருக்காக அவற்றை ஒட்டுப் போட்டுப் போர்வை தைக்கத் தொடங்கியவர், சீக்கிரமே போர்வையில் ஊர்களைத் தைக்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமையானால் கிடைத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். மன்னவனூருக்குப் போய்வந்தால் பச்சைப் புல்வெளியும் கம்பளித் துணியில் வெட்டிய ஆடுகளும் போர்வைக்கு வந்துவிடும். கன்னிவாடிச் சந்தைக்குப் போய்வந்தால் ஒரே மிளகாய்ச் சிவப்பாக இருக்கும். “கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டுத் திரியுறா” என்று அம்மா திட்டாத வாரம் இல்லை.

எழுபதுகளின் நடுவில் அக்காவுக்குப் பழனியிலிருந்து வரன் வந்தது. பஞ்சாமிர்தக் கடைக் குடும்பம். அப்பாவின் தோட்டத்து வாழைப்பழம் அவர்கள் கடைக்குத்தான் போகும். வாழைத்தார் எடுக்க வந்துபோன அத்தானை அக்காவுக்கு முன்பே பிடித்திருந்தது. அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஆகவே பெண் பார்க்க வந்த அன்று வீட்டில் என்னைவிடப் பயந்தவர் யாரும் இல்லை.

அப்பா பெருமையாக, அக்கா தைத்ததிலேயே பெரிய போர்வையைக் கட்டிலில் விரித்துக் காட்டினார். தலைமாட்டில் எங்கள் ஊர். நடுவில் வளைந்து வளைந்து இறங்கும் சாம்பல் நிற ரோடு. கடைசியில் பழனி. மலையில் இருக்கும் எங்களுக்குப் பழனிக்குப் போவதென்றால் கீழே போவதுதான். கீழே இருப்பதைக் கீழேயே தைத்திருந்தார் அக்கா. எங்கள் யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை.

அத்தானின் அம்மாவை நாங்களும் பிறகு அத்தை என்றே அழைத்தோம். அவர் காபித் தம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏம்மா, இது நம்ம சாமி மலைதான?”

“ஆமாங்க.”

“அதக் கால்மாட்டுலயா வச்சுத் தச்சிருக்க? கால நீட்டுனா சாமி மேலதான படும்!”

அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. “சின்னப் பொண்ணு, தெரியாமச் செஞ்சிருச்சுங்க. பிரிச்சுத் தைக்கச் சொல்றேன்” என்று கெஞ்சினார். சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன். அக்கா குனிந்த தலை நிமிராமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார்.

“பிரிக்க மாட்டேங்க. நான் பாத்தது அப்பிடித்தான் கெடக்கு. நீங்க கீழ நின்னு நிமிந்து கும்புடுறீங்க, நாங்க மேல நின்னு குனிஞ்சு கும்புடுறோம். படியேறிப் போறவுகளும் அந்த மலையில காலு வச்சுத்தான ஏறுறாக?”

அத்தை எழுந்துவிட்டார். கொண்டுவந்த பூவையும் வைக்கவில்லை. வந்த வாடகைக் காரிலேயே போய்விட்டார்கள். அம்மா அக்காவைத் திட்டித் தீர்த்தார். “பாத்தத மாத்திச் சொல்லித்தான் கல்யாணம் நடக்கணும்னா வேணாம்” என்றார் அக்கா. கண் மட்டும் கலங்கியிருந்தது.

அடுத்த வாரம் அத்தானைக் கூட்டிக்கொண்டு அத்தை பஸ்ஸில் வந்து இறங்கினார். முதல் தடவை தலைசுற்றலுக்குப் பயந்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டே வந்தாராம். இந்தத் தடவை ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்கப் பார்த்திருக்கிறார்.

“கீழதான் கெடக்கு” என்றவர், பூவை அக்கா தலையில் வைத்தார். “வாய்தான் கொஞ்சம் நீளம்.”

அக்கா சிரித்தார். அன்றே போர்வையின் அடியில் அகலமாக ஒரு மஞ்சள் துணி சேர்த்துத் தைத்தார், நீட்டிய கால் சாமி மலையைத் தொடாதபடி. பிரித்துத் தைத்ததாக உறவில் சிலர் சொல்வது சரியல்ல. ஒரு தையலைக்கூட அவர் பிரிக்கவில்லை.

புகுந்த வீட்டில் அக்கா சும்மா இருந்ததில்லை. தைப்பூசம், பங்குனி உத்திரக் கூட்டத்தில் கடையில் நின்றே சாப்பிடுவார். கூட்டம் கலைந்ததும் மாமியாரும் மருமகளும் கிளம்பிவிடுவார்கள். அதுவரை எங்கள் மலையைத் தவிர வேறெங்கும் போகாத அத்தை, குற்றாலமும் ராமேஸ்வரமும் அக்காவோடு பார்த்தார். ஜன்னலோர இடத்துக்கு இருவரும் சண்டை போடுவதைக் கண்டக்டர்கள்கூட அறிவார்கள்.

கடைசி ஆண்டில் அக்காவுக்கு இதயம் பலவீனமாகி, பஸ் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா படுக்கையில் இருந்தபடியே அடுத்து கன்னியாகுமரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். தைரியம் குறையாமலே போய்ச் சேர்ந்தார். எனக்குத்தான் இன்னும் தாங்கவில்லை.

இரவும் பகலும் கவனித்த டாக்டருக்கும் நர்ஸம்மாவுக்கும், கடையைப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும், மலையிலிருந்து இறங்கி வந்து தோள் கொடுத்த வடகவுஞ்சி உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தள்ளாத வயதிலும் அக்காவின் பக்கத்திலேயே இருந்த அத்தைக்கு நன்றி சொன்னேன். காதில் வாங்கவில்லை.

“தெவசம் முடிஞ்சதும் வெரசாக் கெளம்புடீ. கன்னியாகுமரிய நான் பாத்துட்டு வந்து தைக்கிறேன். எனக்கு என்ன, கையா இல்ல?”

அத்தைக்கு இப்போது ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாது. கோத்துக் கொடுக்க நானும் கூடப் போகிறேன்.