யாரையும் கேட்காமல் நிறுத்திய பால்

போன வருடம் சித்திரை மாதம், செஞ்சியில் எங்கள் வீட்டுக் குளியலறையில்தான் இது ஆரம்பித்தது. சோப்பு போடும்போது வலது மார்பில், அக்குள் பக்கமாக, உரித்த மல்லாட்டைப் பயறு, அதுதான் வேர்க்கடலைப் பருப்பு, அளவுக்கு ஏதோ விரலில் தட்டுப்பட்டது. அழுத்தினால் நழுவியது. வலி துளியும் இல்லை. என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது, இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தாள். பால் கட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு துணி மாற்றினேன். ஆனால் அன்றைக்கு முழுக்க, அடுப்படியில் நிற்கும்போதெல்லாம், கை தானாக அங்கே போய்க்கொண்டிருந்தது.

என் கணவருக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. வாரம் ஒருமுறை வருவார். போனில் பேசும்போது அவர் பெரும்பாலும் கம்பெனி பஸ்ஸில் இருப்பார். பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது இதை எப்படிச் சொல்வது? சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். போனில் தேடிப் பார்க்கலாம் என்றால் அதிலும் ஒரு பயம். மாமியார் அதே போனில்தான் சீரியல் பார்ப்பார். அந்த நோயின் பெயரை ஒரு தடவை தட்டிவிட்டால், பிறகு அதைப் பற்றிய வீடியோவாகவே வந்து நிற்குமே. பாதி எழுதுவேன், அழிப்பேன். பி.எஸ்.சி. படித்தவள், ஒரு சொல்லைத் தட்டத் துணிச்சல் இல்லாமல் இருந்தேன்.

கடைசியில் மாமியாரிடமே சுற்றிவளைத்துக் கேட்டேன். என்னோடு காலேஜில் படித்த ஒருத்திக்கு மார்பில் கட்டி இருக்கிறதாம் என்று. அவர் முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதாமா?"

"இல்லையாம் அத்தை."

"வலிக்கலன்னா அப்புறம் இன்னா? நோவுன்னா வலிக்கணும்ல. கொழந்த இருக்குதா அவளுக்கு?"

"இருக்குது. பால் குடுக்குறா."

"பால் குடுக்குறவளுக்கு அதெல்லாம் வராது. அவங்க வம்சத்துல யாருக்கும் இருந்துச்சான்னு கேளு. இல்லன்னா பேசாம இருக்கச் சொல்லு. ஊசி கீசி வச்சி குத்திக் கெளறிட்டா, சும்மா கெடந்தது ஒடம்பு பூரா பரவிக்கும்."

ஒரு பயறை வாயில் போட்டுக்கொண்டு, "உங்கூட படிச்சதுங்க எல்லாம் எதுக்கெடுத்தாலும் டென்ஷன்தான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அது நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. சொல்லவில்லை.

மகளுக்குத் தடுப்பூசி போடுகிற நாள் வந்தது. அந்தச் சாக்கில் ஆஸ்பத்திரியில் பெண் டாக்டரிடம் காட்டினேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "பெரும்பாலும் பயப்படுற மாதிரி இருக்காது. ஆனா பாக்காம விடக்கூடாது" என்றார். விழுப்புரம் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேனும் ஊசி டெஸ்ட்டும் எடுக்கச் சொன்னார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஒரு குழந்தை அலறிக்கொண்டிருந்தது. சரி என்று எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே வெயில் கொளுத்தியது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மகள் வழக்கம்போல் முந்தானைக்குள் தலையை நுழைத்தாள். குடிக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. ஒருவேளை அதுவாகவே இருந்தால், இந்தப் பாலோடு சேர்ந்து அது இவளுக்கும் போகுமே. யாரும் அப்படிச் சொல்லவில்லை. எங்கேயும் படிக்கவும் இல்லை. ஆனால் வந்த நொடியிலேயே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. அவள் வாயை விலக்கினேன். அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். மறுபடி வந்தாள், மறுபடி விலக்கினேன். அதன் பிறகு வீடு வரைக்கும் அழுதாள்.

அன்று மாலையே பாலை நிறுத்தப்போகிறேன் என்று மாமியாரிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே, ஒண்ணர வயசு ஆகுது" என்று கடைத்தெருவுக்குப் போய் மல்லிகைப் பூ வாங்கிவந்தார். எங்கள் பக்கத்தில் பால் வற்ற மல்லியை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். பூவைப் பரப்பி, மேலே துணி சுற்றி, அவர் கையாலேயே கட்டிவிட்டார். கட்டி இருந்த இடத்துக்கு மேல் அவர் விரல் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "வாசமா இருக்குது பாரு" என்றார்.

மார்பு கல்லாய் இறுகி வலித்தது. மகள் பூ வாசனைக்கு மூக்கைச் சுளித்து, கட்டின துணியைப் பிடித்து இழுத்து அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு மாமியார் வாசலுக்குப் போய்விடுவார். நான் உள்ளே தனியாக உட்கார்ந்திருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பால் வற்றியது. அவள் அழுவதும் குறைந்தது.

சர்டிபிகேட் வேலை என்று பொய் சொல்லிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேனும் ஊசி டெஸ்ட்டும் எடுத்தேன். ரிசல்ட் வாங்கப் போன அன்று மாமியார் அவலூர்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அதனால் மகளையும் தூக்கிக்கொண்டு போனேன்.

பெஞ்சில் என் பக்கத்தில் ஓர் அக்கா இருந்தார். மண்டகப்பட்டு பக்கம் ஊர். தலையில் துண்டு கட்டியிருந்தார், புருவம் இல்லை. அவரைப் பார்த்ததும் என் மகள் கை நீட்டினாள். அவரும் நீட்டினார், சட்டென்று கையை மடக்கிக்கொண்டார்.

"வேணாம். சில பேரு குடுக்க மாட்டாங்க, ஒட்டிக்கும்னு. எங்கூட்லயே எனக்கு டம்ளர் தனியா வச்சிருக்குதுங்க."

ஒரு கணம் நானும் தயங்கினேன். பிறகு மகளை அவர் மடியில் வைத்தேன். அவள் உடனே அவர் துண்டைப் பிடித்து இழுத்தாள். "இருக்கறதே நாலு மயிரு, அதையும் புடுங்குறியாடி" என்று சிரித்தார்.

"உங்களுக்கு மொதல்ல வலிச்சுதாக்கா?"

"வலிச்சிருந்தா அன்னிக்கே ஓடியாந்திருப்பேனே. வலிக்கல, அதான் சும்மா விட்டுட்டேன். உனக்கு இன்னா?"

"எனக்கும் கட்டிதான். இன்னிக்கு ரிசல்ட்."

"கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் வரல."

"எனக்கும் யாரும் வரல. உனக்காவது இவ இருக்குறா" என்று மகளின் கன்னத்தைக் கிள்ளினார். அத்தனை நாளில் டாக்டர்களைத் தவிர நான் வாயைத் திறந்து சொன்ன முதல் ஆள், பெயர்கூடத் தெரியாத அந்த அக்காதான்.

என்னைக் கூப்பிட்டார்கள். மகளை அவரிடமே விட்டுவிட்டு உள்ளே போனேன். டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு, "சாதாரண நார்க்கட்டிதான்மா, கேன்சர் இல்ல" என்றார். காதில் விழுந்தது, மனதுக்குள் போக நேரம் பிடித்தது. "ஆனா வந்து காட்டினது நல்லது. ஆறு மாசம் கழிச்சு மறுபடி வரணும். பால் குடுக்குறீங்கதான? தாராளமா குடுங்க."

"நிறுத்திட்டேன் மேடம்."

"ஏன்?"

"பால் வழியா அவளுக்குப் போயிடும்னு..."

"யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல. நானா நெனச்சிக்கிட்டேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கேன்சராவே இருந்தாலும் பால் வழியா பிள்ளைக்குப் போகாது. மருந்து ஆரம்பிச்சா அதுக்காக நிறுத்தச் சொல்லுவோம். அதையும் நாங்களே சொல்லியிருப்போம். ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா."

வெளியே வந்தேன். "இன்னா சொன்னாங்க?" என்றார் அந்த அக்கா.

"ஒண்ணுமில்லையாம்."

"அப்பாடா" என்று தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவருக்கே நல்ல சேதி வந்ததுபோல் முகம் மலர்ந்தது. அதற்குள் அவரைக் கூப்பிட்டார்கள். மகளை என் கையில் கொடுத்துவிட்டுத் துண்டைச் சரிசெய்தபடி உள்ளே போனார். அவர் திரும்பி வரும்வரை இருந்திருக்க வேண்டும். பஸ்ஸை நினைத்துக் கிளம்பிவிட்டேன்.

மாமியார் கல்யாணத்திலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். தாம்பூலப் பையைக் கையில் பிடித்தபடியே நின்றார். "என் கையாலதான பூவ கட்டுனேன். அப்பக்கூட சொல்லணும்னு தோணலியா உனக்கு?" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார். மறுநாள் என் கணவர் லீவு போட்டுவிட்டு வந்தார். கேன்சர் இல்லை என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அக்கம்பக்கத்துக்கு அவர் இனிப்புகூட வாங்கிவந்தார். அப்புறம் ஏன் அழுகிறாய் என்று கேட்டார்.

அதற்கு மறுநாள் மத்தியானம், வீட்டில் யாரும் பக்கத்தில் இல்லாதபோது, மகளை மடியில் கிடத்தி முந்தானையை விலக்கினேன். அவள் பார்த்தாள். விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். என்ன இது என்பதுபோல் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மடியிலிருந்து நழுவிப் பந்தைத் தேடி ஓடிவிட்டாள்.

கட்டி அப்படியேதான் இருக்கிறது, தவறாமல் போய்க் காட்டிக்கொண்டு வருகிறேன். இப்போதெல்லாம் என் மாமியார்தான் துணைக்கு வருகிறார். பெஞ்சில் உட்கார்ந்ததும் மண்டகப்பட்டு அக்கா எங்காவது தென்படுகிறாரா என்று தேடுகிறேன், இதுவரை கண்ணில் படவில்லை. என் உடம்பு எனக்குச் செய்யாத கெடுதலை, யாரையும் கேட்காத என் பயம் என் மகளுக்குச் செய்துவிட்டது. அவளுக்கு அது நினைவே இருக்காது என்பதுதான், மல்லிகை வாசனை வரும்போதெல்லாம் எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல்.