ஆற்றங்கரைப் பாதையில் கிடந்த மூட்டை

2004-ம் வருடம், சித்திரை மாதம். லோயர் கேம்ப்பில் தொடங்கி முல்லையாற்றின் கரையோடே வைகை அணை வரைக்கும் மூன்று நாள் ஓடுவது என்று நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கிளம்பினோம். தேனியில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான சின்னப் பள்ளி ஒன்றில் நான் உடற்பயிற்சி சொல்லித்தரும் டீச்சராக இருந்தேன். பள்ளிக்கு ஒரு வேன் தேவைப்பட்டது. அதற்கு நன்கொடை திரட்டத்தான் இந்த ஓட்டம். சும்மா உண்டியலைக் குலுக்கினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், வேர்க்க விறுவிறுக்க ஓடினால்தான் நாலு பேர் என்ன ஏதென்று கேட்பார்கள் என்பது எங்கள் விளையாட்டு ஆசிரியரின் கட்சி. கேட்கத்தான் செய்தார்கள். வினையே அதில்தான் வந்தது.

ஒரு கடைக்காரர் எங்களுக்கு இலவசமாகப் பனியன் கொடுத்திருந்தார். அத்தனையும் பளீர் மஞ்சள். இரண்டாம் நாள் காலை உத்தமபாளையத்தை விட்டுக் கிளம்பும்போதே புது ஷூ கடித்துக் குதிகால் இரண்டும் கொப்பளித்துவிட்டது. கழற்றி, ரோட்டு வழியாக எங்களோடு வந்த தண்ணீர் வண்டியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். திராட்சைத் தோட்டப் பக்கம் ஈ கண்ணை மொய்த்தது. விரட்டுவதற்கு ஒரு வேப்பங்குலையை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

சித்திரை மாதம், மஞ்சள் துணி, வெறுங்கால், கையில் வேப்பிலை. வீரபாண்டி அம்மன் திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் எங்கள் பக்கம் இப்படித்தான் போவார்கள். எனக்கு மட்டும் அது உறைக்கவில்லை. வழியில் ஓர் ஊரில் பெண்கள் என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கொப்பளத்துக்கு இதமாக இருக்கட்டும் என்று ஊற்றுகிறார்கள், எவ்வளவு நல்ல சனங்கள் என்று மெச்சிக்கொண்டே ஓடினேன். பொதுவாகச் சாமியாடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. என்னையே ஒரு சாமியாடியாக நினைப்பார்கள் என்று கனவிலும் தோன்றவில்லை.

மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நான்தான் கடைசி. தென்னந்தோப்பு ஓரமாகக் கரை வளைகிற இடத்தில் பாதையின் குறுக்கே ஒரு துணி மூட்டை கிடந்தது. யாரோ ஆற்றுக்குத் துவைக்க வந்தவர்கள் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு பக்கம் ஆற்றுச் சரிவு, இன்னொரு பக்கம் முள்வேலி. சுற்றிப் போக வழியில்லை. வந்த வேகத்தில் ஒரே தாவாகத் தாண்டினேன். கால் அந்தரத்தில் இருக்கும்போதுதான் துணிக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கையைப் பார்த்தேன்.

எப்படித் தரையில் விழுந்தேன் என்று தெரியவில்லை. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. எழுந்திருப்பதற்குள் தோப்புக்குள்ளிருந்து குலவைச் சத்தம்.

“தாண்டிட்டாகடி! ஆத்தாவே வந்து தாண்டிட்டாக!”

இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி குழந்தையின் தாய், மற்றவள் அவளுடைய நாத்தனார். எனக்கு உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடியது. அரையடி முன்னால் கால் ஊன்றியிருந்தால் அந்தப் பிஞ்சு வயிறு என்ன ஆகியிருக்கும்! பிள்ளையைப் பாதையில் போடுகிறாயே, உனக்கு அறிவிருக்கிறதா என்று கத்தினேன். தாய் அதைக் காதில் வாங்காமல் என் காலில் விழுந்தாள்.

“நாலஞ்சு நாளாக் காய்ச்ச, ஆத்தா. விடியக்காலம் வெட்டு வேற வந்து கைகால இழுத்துருச்சு. ஆஸ்பத்திரிக்குத்தேன் கெளம்புனோம். நல்லவேளை, நீங்க எதுக்க வந்தீக. நேந்துக்கிட்டு போறவுக தாண்டுனா நோவு எறங்கிரும்ல, அதேன் பாதையில போட்டோம்.”

அவள் தோளில் வயர் கூடை. உள்ளே பிளாஸ்க், மாற்றுத்துணி. நிஜமாகவே பஸ் ஏறக் கிளம்பியவள்தான். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போகாமல் ஊர்ப்பக்கம் திரும்பி நடந்தாள். எங்கே போகிறாய் என்றேன். வீட்டுக்குத்தான், இனி எதற்கு ஆஸ்பத்திரி என்றாள்.

எங்கள் பள்ளிக்கு வரும் தாய்மார்களில் பலர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்: சின்னதில் ஒரு காய்ச்சல் வந்தது டீச்சர், வெட்டு வந்தது, முதலில் கோயிலுக்குத் தூக்கிப் போனோம். அப்படி மூளை பாதித்த பிள்ளைதான் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட பிள்ளையை நான் தாண்டியதே வீட்டுக்குத் திருப்பிவிட்டது.

நான் சாமியில்லை, இது பள்ளிக்கூட வேனுக்காக ஓடுகிற ஓட்டம் என்று பனியன் எழுத்தைக் காட்டினேன். காலையில் ஆம்லெட் தின்றுவிட்டு வந்தேன் என்றுகூடச் சொன்னேன். நாத்தனார் நம்பினால்தானே!

“முன்னால போன சார்கிட்டக் கேட்டோமே, வீரபாண்டிக்குன்டுதேன சொன்னாக?”

உண்மைதான். அன்று ராத்திரி நாங்கள் தங்க வேண்டிய இடம் வீரபாண்டி. ஓடுகிற மூச்சில் மனிதர் ஊர்ப் பேரை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அப்போது என் வாயில் வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை. “தாண்டினவ நான். என் ஓட்டம் முடியிற வரைக்கும் பிள்ளை என் கையை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினா பலிக்காது” என்று அதட்டிவிட்டு, குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வரப்பு வழியாக ரோட்டைப் பார்த்து ஓடினேன். பின்னாலேயே தாய் கூடையோடு ஓடி வந்தாள். குழந்தையின் சூடு பனியனைத் தாண்டி நெஞ்சில் சுட்டது. அது அழவே இல்லை. அழுதாலாவது தேவலை என்றிருந்தது.

வாழைத்தார் ஏற்றி வந்த டெம்போ ஒன்றை மறித்து ஏறினோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மஞ்சள் பனியன், புழுதிக்கால், இடுப்பில் செருகிய வேப்பிலை. “உன்னை மாதிரி ஆளுகளாலதான் பிள்ளைக சாகுது” என்று எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், பக்கத்தில் நிற்கிற தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளோ என்று பயம். மூளைக்காய்ச்சல். ஊசி போட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள்.

ஆடி மாதம் அந்தத் தாய் விசாரித்துக்கொண்டு பள்ளிக்கே வந்தாள். குழந்தை அவள் கையை உதறிவிட்டு எங்கள் ஊஞ்சலைப் பார்த்து ஓடியது. அன்று சாமி பேரைச் சொல்லி உன்னை ஏமாற்றினேன், மன்னித்துக்கொள் என்றேன். அவள் சிரித்தாள்.

“அப்பவே தெரியும்க்கா. சாமி எங்கயாச்சும் அழுகுமா? நீங்க அழுதுக்கிட்டேல்ல ஓடுனீக.”

நான் அழுதது எனக்கே அன்றுதான் தெரிந்தது. சாமியில்லை என்று தெரிந்த பிறகும் அவள் திரும்பிப் போகாமல் என் பின்னால் ஓடி வந்திருக்கிறாள். இன்றைக்கும் வழியில் ஒரு துணி மூட்டை கிடந்தால் என் கால் தானாக நின்றுவிடும்; முன்பின் தெரியாத என்னை நம்பிப் பிள்ளையை என் கையிலேயே விட்டாளே என்று நினைக்கும்போது, அன்று தாண்டியபோது வந்த அதே நடுக்கம் இப்போதும் வருகிறது.