தே ஓ கோசோங்

மகளுக்குக் கடல் தாண்டிச் சரவாக்கில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருந்தது. ஏற்றுக்கொள்கிறேன் என்று அன்று மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் அழுத்தியாக வேண்டும். தவறினால் இடம் போச்சு. எங்கள் தோட்டத்திலோ காலை மழைக்குப் பிறகு லைன் செத்துக் கிடந்தது. வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான், அவள் அப்பா போய்ச் சேர்ந்து நாலு வருஷம். செம்பனைகளுக்கு நடுவே கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருவரும் அலைந்தோம், சாமியாடாத குறை. ஒரு கோடுகூட ஏறவில்லை. மணி நாலு பத்து. மோட்டரை எடுடி என்று அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

லிங்கி போகிற சாலையில் ஓர் ஒட்டுக்கடை. 'வைஃபை இலவசம்' என்று வாசலில் அட்டை தொங்கும். கடைக்காரர் கல்லில் ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"தம்பி, வைஃபை பாஸ்வேர்ட் என்னா?"

"தே ஓ கோசோங்," என்றார், திரும்பாமலே.

பாலும் சீனியும் போடாத வெறும் தேத்தண்ணி. இந்த மனுஷனுக்கு இப்போது வியாபாரம்தானா முக்கியம்? ஆனாலும் ஓசியில் கேட்க வெட்கமாக இருந்தது. "சரி, ஒண்ணு போடுங்க," என்றேன். ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தார்.

"இப்பவாச்சும் பாஸ்வேர்ட சொல்லுங்க தம்பி!"

"அதான் சொன்னேனேக்கா. தே ஓ கோசோங் லா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் மகள் என் கையைப் பிடித்தாள். "அம்மா, பாஸ்வேர்டே அதுதாம்மா!"

சைபருக்கும் நாங்கள் கோசோங் என்றுதான் சொல்வோம். அவள் தே ஓ என்று ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு சைபரைத் தட்டினாள். கைபேசி ஏற்கவில்லை. எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாதாம். மூன்று சைபர் போட்டாள், நாலு போட்டாள். மணி நாலு நாற்பத்தாறு.

"படிச்ச புள்ளதானே நீ! இது தெரியலையா?" என்று கத்திவிட்டேன். அவள் கண் நிறைந்தது. என் நாக்கை அறுத்துப் போட வேண்டும் போலிருந்தது.

"நம்பர் வேணாம். கோசோங்க எழுத்தாவே எழுதிப் பாரு," என்றேன், குரலைத் தணித்து.

லைன் கிடைத்துவிட்டது. பக்கம் திறப்பதற்குள் என் உயிர் போய் வந்தது. ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று இரண்டு பெட்டிகள். மணி நாலு ஐம்பத்து மூன்று. அவள் அழுத்தாமல் என்னைப் பார்த்தாள்.

"நீ தனியா இருந்துக்குவியாம்மா?"

"அழுத்துடி கழுத!"

அழுத்தினாள். தோழிகளுக்குச் சொல்லக் கைபேசியோடு வாசலுக்கு ஓடினாள். நான் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன்.

கடைக்காரர் பதறிப்போய் வந்தார். "என்னாக்கா அழுறீங்க? லைன் கெடைக்கலையா?"

"கெடைச்சிருச்சு தம்பி. இதுல சீனி இல்ல, அதான்."