கொழுந்துத் தராசில் என் மகள்

கொட்டகலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கடவுளுக்கு அடுத்தபடியாக நாங்கள் பயந்தது தராசுக்குத்தான். கொழுந்தை நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை ஐயா சாக்குக்குக் கொஞ்சம், ஈரத்துக்குக் கொஞ்சம் என்று கழிப்பார். வெயில் கொளுத்தும் நாளில் ஈரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் துணிந்தவளை நான் பார்த்ததில்லை. சொன்ன எடை வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்.

அந்தத் தராசில் எங்கள் பிள்ளைகளை நிறுக்கப் போவதாக ஒருநாள் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் சொன்னார்கள். கொழும்பிலிருந்து சுகாதாரக்காரர்கள் வருகிறார்களாம். டவுன், கிராமம், தோட்டம் என்று எல்லா இடத்துப் பிள்ளைகளையும் நிறுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். எதற்கென்று யாரும் சொல்லவில்லை.

"எட கொறஞ்சா புள்ளைக்கும் அரைப்பேரு போட்டுருவாங்க, பாரு" என்றாள் எங்கள் லய வரிசையில் பக்கத்து அறையான காம்பராவில் இருந்த அக்கா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்த பெருமையோடு நானும் அதை அப்படியே நம்பினேன். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. மழை தொடங்கியதிலிருந்து இருமிக்கொண்டே இருந்தாள். பால் கொடு என்று மருந்துக்கார ஐயா சொன்னார். பாலுக்கு எங்கே போவது என்று சொல்லவில்லை.

அவர்கள் நிறுக்க வந்த அன்று காலை லயத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தொண்டை வரை ரொட்டி. என் மகளுக்குச் சட்டைக்கு மேல் கம்பளி, அதற்கு மேல் அவள் அப்பாவின் கோட்டு. கோட்டுப் பைகளில் அக்கா உருளைக்கிழங்கைத் திணித்தாள். "ஈரத்துக்குக் கழிச்சாங்கன்னா இது சரிக்கட்டிரும்" என்றாள். மகளால் ஓர் அடி வைக்க முடியவில்லை. தூக்கிக்கொண்டுதான் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனேன்.

வந்திருந்த நர்ஸம்மாவை நோனா என்றுதான் கூப்பிட்டோம். சிங்களப் பெண், நல்ல மனசுக்காரி. அந்தக் குளிரில் பிள்ளைகளின் உடுப்பைக் களையச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கணக்கப்பிள்ளை ஐயா எடையை உரக்கச் சொன்னார். எதையும் கழிக்கவில்லை! எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியில் நோனா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஹொந்தாய், ரொம்ப நல்லது! இங்க புள்ள எல்லாம் நல்லா இருக்கு. பால்மா குடுக்கத் தேவை இல்ல. அது எடை கொறைஞ்ச எடத்துக்குத்தான்."

வந்தவர்கள் சாமான்களைக் கட்டத் தொடங்கினார்கள். அப்போது எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றும் தெரியாது. மகளைத் தூக்கிக்கொண்டு நோனாவின் முன்னால் போய் நின்றேன்.

"இன்னொருக்கா நிறுங்க நோனா. இது எங்க புள்ளைங்க எட இல்லீங்க."

மகளின் கோட்டைக் கழற்றி உதறினேன். உருளைக்கிழங்குகள் நோனாவின் கால் சப்பாத்து வரை உருண்டு போயின. அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கணக்கப்பிள்ளை ஐயாகூடச் சிரித்தார். நான் கம்பளியை எடுத்தேன். சட்டையையும் கழற்றினேன். நோனா சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

மகளை மறுபடி தராசில் வைத்தார்கள். எங்கள் கொழுந்து எடையையெல்லாம் ஊர் கேட்கச் சொல்லும் கணக்கப்பிள்ளை ஐயா, அவள் எடையை மெதுவாகத்தான் சொன்னார்.

"எல்லாரையும் திரும்ப நிறுப்போம்" என்றாள் நோனா. "பால் வரும்."

அவ்வளவுதான், மடுவம் திருவிழாவாகிவிட்டது. உடுப்புகள் பறந்தன. என் பிள்ளைதான் மெலிவு, உன் பிள்ளை ஒன்றும் மெலிவில்லை என்று தாய்மார்கள் சண்டை பிடித்தார்கள். கொழுகொழுவென்றிருந்த தன் மகனை அக்கா முறைத்துப் பார்த்தாள். எல்லோரையும் நிறுத்து முடித்ததும், "ஒம் மகதான்டி எல்லாத்துலயும் கொறச்சல்!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். மற்றவர்களும் வந்து என் கையைப் பிடித்துச் சந்தோஷப்பட்டார்கள். பெற்ற பிள்ளை எலும்பும் தோலுமாக இருப்பதற்குத் தோட்டமே கூடி என்னை வாழ்த்தியது. நானும் வாயெல்லாம் பல்லாக நின்று அதை வாங்கிக்கொண்டேன். லயத்துக்கு வந்து அவளை மடியில் வைத்துத் தலை சீவும்போதுதான் அழுகை வந்தது.